ஏழு மாதச் சாப்பாட்டில் ஒரு வருட வாழ்க்கை: கிரிஸ்லி கரடியின் கணக்கு

2024 அக்டோபர் 22 இரவு, அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், ஜாக்சன் நகருக்குத் தெற்கே ஸ்னேக் ஆற்றை ஒட்டிய நெடுஞ்சாலையில் கார் மோதி ஒரு கரடி செத்துப்போனது. அடுத்த சில நாட்களில் உலகின் பெரிய பத்திரிகைகள் எல்லாம் அதற்கு இரங்கல் செய்தி எழுதின. '399' என்ற ஆராய்ச்சி எண்ணே பெயராகிவிட்ட அந்தப் பெண் கிரிஸ்லிக்கு வயது 28. அடுத்த ஜனவரியிலேயே இன்னொரு செய்தி. கிரிஸ்லிகளுக்கான சட்டப் பாதுகாப்பை எடுத்துவிடும்படி மொன்டானா, வயோமிங் மாநிலங்கள் கொடுத்த மனுக்களை அமெரிக்க மீன், வனவிலங்குத் துறை ஏற்க மறுத்தது.

இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்குக் குழப்பம் வருவது நியாயம்தான். அலாஸ்காவில் மட்டும், கிரிஸ்லியின் இனமான பழுப்புக் கரடிகள் சுமார் 30,000 இருக்கின்றன. கனடாவிலும் ஆயிரக்கணக்கில் உண்டு. அப்புறம் எதற்கு இவ்வளவு பதற்றம்? அலாஸ்காவை விட்டுவிட்டு மற்ற அமெரிக்க மாநிலங்களை மட்டும் பார்த்தாலும், 1975-இல் 700, 800 என்று இருந்த எண்ணிக்கை இன்று ஏறக்குறைய 2,000 ஆகியிருக்கிறது. ஐம்பது வருடத்தில் இரண்டு மடங்குக்கு மேல் பெருகிய விலங்குக்கு இன்னும் என்ன ஆபத்து?

சட்டப் புத்தகத்தைத் திறந்தால் இதற்கு விடை கிடைக்காது. கரடியின் வயிற்றிலிருந்து தொடங்கவேண்டும்.

## கிரிஸ்லி என்றால் எது?

கிரிஸ்லி தனி இனம் அல்ல. ஐரோப்பாவிலும் ரஷ்யாவிலும், நம் லடாக்கின் திராஸ் பக்கத்து மலைகளிலும்கூட வாழ்கிற பழுப்புக் கரடியின் வட அமெரிக்கக் கிளை அது. முடியின் நுனி வெளுத்து, நரைத்ததுபோல் தெரிவதால் 'கிரிஸ்லி' என்ற பெயர் வந்தது. 1815-இல் அதற்கு அறிவியல் பெயர் வைத்த ஜார்ஜ் ஓர்ட், 'பயங்கரமானது' என்ற பொருளில் 'ஹாரிபிலிஸ்' என்று சேர்த்துவிட்டார். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

தமிழ் வாசகர் மனதில் கரடி என்றதும் வருவது முதுமலையிலும் கோத்தகிரியிலும் திரிகிற, கறையான் புற்றைத் தோண்டி உறிஞ்சித் தின்னும் சடைமுடிக் கரடிதான். அந்தப் படத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிடலாம். நம் கரடிக்கு வருடம் முழுக்க ஏதாவது கிடைக்கும். அது பனிக்காலத்தில் மாதக்கணக்கில் தூங்குவதில்லை. கிரிஸ்லியின் வாழ்க்கையோ அந்தத் தூக்கத்தைச் சுற்றியே கட்டப்பட்டிருக்கிறது.

அமெரிக்கக் காடுகளில் கருங்கரடி என்ற வேறொரு இனமும் உண்டு. இரண்டையும் நிறத்தை வைத்துப் பிரிக்க முடியாது. கருங்கரடியில் பழுப்பு உண்டு, கிரிஸ்லியில் கிட்டத்தட்டக் கறுப்பும் உண்டு. பார்க்கவேண்டியது தோளை. கிரிஸ்லிக்குத் தோள்மேல் திமில்போல ஒரு மேடு எழும்பி நிற்கும். அது தோண்டுவதற்கான தசை. முகம் நெற்றிக்குக் கீழே குழிந்திருக்கும், காது குட்டையாக உருண்டிருக்கும், முன்னங்கால் நகங்கள் விரல் நீளத்துக்கு இருக்கும். மரம் ஏறுவதைவிட மண்ணைக் கிளறுவதற்கு ஏற்ற உடம்பு.

எடை என்ன என்று கேட்டால் எந்த ஊர்க் கரடி என்று திருப்பிக் கேட்கவேண்டும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா வட்டாரத்து ஆண் 90 முதல் 320 கிலோவரை இருக்கும், பெண் 180 கிலோவைத் தாண்டுவது அரிது. அலாஸ்காவின் கட்மாய் கடற்கரையில் சால்மன் மீன் தின்று வளரும் ஆண் 450 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். இனம் ஒன்றுதான். சாப்பாடு வேறு.

## வசந்தத்திலிருந்து பனி வரை: வரவுக் கணக்கு

யெல்லோஸ்டோன் கரடி வருடத்தில் ஏறக்குறைய ஐந்து மாதம் எதுவும் சாப்பிடாது. ஆகவே விழித்திருக்கும் மாதங்களில் ஒரு வருடத்துக்கான சாப்பாட்டைச் சேர்த்தாகவேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டால் கிரிஸ்லியின் பழக்கங்கள் பெரும்பாலும் தாமாகவே விளங்கிவிடும்.

ஆண் கரடிகள் மார்ச்சில் வெளியே வரும். அப்போது காட்டில் பச்சை இருக்காது. பனியில் செத்த எல்க் மான், பைசன் ஆகியவற்றின் உடல்கள்தான் உணவு. 1995-இல் யெல்லோஸ்டோனுக்கு ஓநாய்களைத் திரும்பக் கொண்டுவந்த பிறகு, அவை வேட்டையாடியதை மிரட்டிப் பிடுங்குவதும் சேர்ந்துகொண்டது. மே, ஜூன் மாதங்களில் புல்லும் கிழங்கும், பிறந்து சில நாளே ஆன எல்க் கன்றுகளும். கன்றுகள் ஓடத் தெரிந்துகொண்டதும் அந்தப் பந்தி முடிந்துவிடும். யெல்லோஸ்டோன் வட்டாரத்தில் கிரிஸ்லிகள் தின்பதாகப் பதிவான தாவரம், விலங்கு, காளான் வகைகள் மட்டும் 266. சிங்கம், புலி வரிசையில் வைத்துப் பேசப்படுகிற இந்த விலங்கு, பல நாட்களில் மேயும் மாட்டைப்போலத் தலையைக் குனிந்தபடி க்ளோவர் இலையைத் தின்றுகொண்டிருக்கும்.

கோடையின் நடுவில் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மேற்குச் சமவெளி வயல்களில் புழுவாக வளரும் 'ஆர்மி கட்வார்ம்' அந்துப்பூச்சிகள், வெயில் ஏறியதும் மலை உச்சிகளுக்குப் பறந்து போகின்றன. இரவில் மலைப்பூக்களில் தேன் குடித்துவிட்டு, பகலில் பாறைச் சரிவுகளின் இடுக்குகளில் கூட்டமாக ஒளிந்துகொள்ளும். அவற்றின் உடம்பில் பாதிக்கு மேல் கொழுப்பு. கிரிஸ்லிகள் அந்த உயரத்துக்கு ஏறிவந்து, பெரும் பாறைகளைப் புரட்டி, பூச்சிகளை நக்கி எடுக்கின்றன. ஒரு கரடி ஒரே நாளில் 40,000 பூச்சிவரை தின்னும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு பூச்சியில் அரைக் கலோரிதான். ஆனால் பெருக்கிப் பாருங்கள்: 20,000 கலோரி.

பிறகு இலையுதிர்காலம். இந்தக் கட்டத்தில் கரடிக்கு வயிறு நிறைந்த உணர்வே வராது. ஒரு நாளில் இருபது மணி நேரம்வரை தின்றுகொண்டே இருக்கும். அந்தப் பருவத்துக்கு யெல்லோஸ்டோனில் பெரிய கைகொடுப்பு வைட்பார்க் பைன் மரத்தின் கொழுப்பு மிகுந்த விதைகள். கரடி மரம் ஏறிப் பறிப்பதில்லை. செவ்வணில்கள் பனிக்காலத்துக்காகப் பொறுக்கிப் புதைத்து வைத்த பைன் காய்களைத் தோண்டி எடுத்துவிடும். அணில் பாடுபட்டுச் சேர்த்ததில் கரடி கொழுக்கிறது.

கடற்கரையில் இந்தப் பாடெல்லாம் இல்லை. ஆற்றில் நின்றால் மீன் வரும். சால்மன் திரளாக ஏறும் நாட்களில் கரடி முழு மீனைக்கூடத் தின்னாது. தோல், மூளை, முட்டை என்று கொழுப்பான இடங்களை மட்டும் தின்றுவிட்டு மிச்சத்தை எறிந்துவிடும். கட்மாயில் 2014-இல் தொடங்கிய 'கொழுத்த கரடி'ப் போட்டியில் இணையத்தில் மக்கள் வாக்களிப்பது இந்தக் கரடிகளுக்குத்தான். வேடிக்கையாகத் தெரிந்தாலும் அந்த வாக்கெடுப்பின் அடிப்படை சரி. கிரிஸ்லி உலகில் கொழுப்புதான் வெற்றி.

## வளைக்குள் என்ன நடக்கிறது?

நவம்பர் வாக்கில் கரடி வளைக்குள் போகும். பெரும்பாலும் சரிவான மலைப்பக்கத்தில், மர வேர்களுக்கு அடியில் தானே தோண்டிய குழி. வாசலைப் பனி மூடிவிட்டால் அதுவே போர்வை.

உள்ளே போனபின் சாப்பாடு கிடையாது, தண்ணீர் கிடையாது, மலமும் சிறுநீரும் கழிப்பதில்லை. இதயத் துடிப்பு நிமிடத்துக்குப் பத்து அளவுக்கு இறங்கிவிடும். ஆனால் உடல் வெப்பம் சில டிகிரி மட்டுமே குறைகிறது. சிறு அணில்கள் தூங்கும்போது உறைநிலை அருகே குளிர்ந்துபோகும். அவற்றை எழுப்ப நேரம் பிடிக்கும். கரடியோ தொந்தரவு செய்தால் சட்டென்று விழித்துக்கொள்ளும். அதனால் 'இது உண்மையான குளிர்கால உறக்கமா' என்று விஞ்ஞானிகளே நெடுநாள் வாதாடினார்கள்.

மருத்துவர்களை ஈர்த்தவை வேறு விஷயங்கள். மனிதர் நான்கைந்து மாதம் படுத்தே கிடந்தால் தசை கரையும், எலும்பு மெலியும், சிறுநீர் கழிக்காவிட்டால் சில நாட்களில் உயிருக்கே ஆபத்து. கரடி சிறுநீராகப் போகவேண்டிய யூரியாவைச் சிதைத்து, அதிலுள்ள நைட்ரஜனைத் திரும்பப் புரதமாக்கிக்கொள்கிறது. ஆகவே தசை பெருமளவு தப்பிக்கிறது, எலும்பும் தப்பிக்கிறது. இன்னொன்று: உறக்கத்தில் கரடியின் உடல் இன்சுலினுக்குக் கட்டுப்படாமல் போகிறது. மனிதரில் அது சர்க்கரை நோயின் வாசல். கரடிக்கு வசந்தம் வந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடும். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கரடி மையத்தில் இதை ஆராய்கிறார்கள். அங்குள்ள கரடிகள் கூண்டின் திறப்பு வழியே காலை நீட்டி ரத்தம் எடுக்க விடப் பழக்கப்பட்டவை. கூலி, தேன்.

## காத்திருக்கும் கரு

இணை சேர்வது மே முதல் ஜூலைவரை. கருவுற்ற முட்டை சிறு உருண்டையாக வளர்ந்து, அத்துடன் நின்றுவிடும்; கருப்பையில் ஒட்டாமல் மாதக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். இதைத் 'தாமதக் கருப்பதிவு' என்று சொல்லலாம். நவம்பரில் தாய் வளைக்குள் போகும் சமயத்தில்தான் முடிவு வரும். உடம்பில் போதுமான கொழுப்பு இருந்தால் கரு ஒட்டும். இல்லையென்றால் உடலே அதைக் கைவிட்டுவிடும்.

ஒட்டினால், ஜனவரி கடைசியில், தாய் வளைக்குள் இருக்கும்போதே பிறப்பு. குட்டியின் எடை அரைக் கிலோ அளவுதான், கண் திறந்திருக்காது. தாய் எதுவும் சாப்பிடாமல், உடம்பிலுள்ள கொழுப்பிலிருந்தே பால் கொடுக்கும். ஏப்ரல், மே மாதத்தில் எல்லாரும் வெளியே வரும்போது தாய் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இழந்திருக்கும்.

இதிலிருந்து எண்ணிக்கைக் கணக்குக்கு வரலாம்:

1. பெண் கரடி முதல் குட்டி போடவே ஐந்தாறு வயதாகிவிடும்.
2. ஒரு ஈற்றில் பெரும்பாலும் இரண்டு குட்டி. அவை இரண்டு, மூன்று வருடம் தாயோடு இருக்கும். அதுவரை அடுத்த ஈற்றுக்கு வழியில்லை.
3. ஆக, இருபது வயதுவரை வாழும் தாய்க்கு ஐந்து ஈற்று, பத்துக் குட்டி. பாதி பெண் என்றால் ஐந்து.
4. அந்த ஐந்தில் கணிசமானவை முதல் வருடத்தைத் தாண்டாது. பட்டினி ஒரு காரணம். இன்னொன்று, குட்டிகளைக் கொன்றால் தாய் மறுபடி இணைக்குத் தயாராகும் என்பதால் கொல்ல வரும் ஆண் கரடிகள்.

மான் கூட்டம் ஒரு மோசமான வருடத்தை இரண்டு மூன்று வருடத்தில் ஈடுகட்டிவிடும். கிரிஸ்லிக்கு ஒரு தாய் போனால் அந்த இடம் நிரம்ப ஒரு தலைமுறை ஆகும். பாதுகாப்பு வாதங்கள் எல்லாம் முட்டி நிற்பது இந்த நான்கு வரிகளில்தான்.

399 விதிவிலக்கு. 2020-இல் நான்கு குட்டிகளோடு வெளியே வந்தது. 2023-இல், 27 வயதில், ஒரு குட்டியோடு வந்தது. வாழ்நாளில் 18 குட்டிகள் என்று கணக்கு. அது கிராண்ட் டீட்டன் பூங்காவில் சாலை ஓரமாகவே குட்டிகளை வளர்த்தது. சுற்றுலாக் கூட்டத்துக்குப் பக்கத்தில் ஆண் கரடிகள் வரத் தயங்கும் என்பதால் அப்படிச் செய்திருக்கலாம் என்பது அதைக் கவனித்தவர்களின் விளக்கம். அந்தச் சாலைதான் அதன் குட்டிகள் சிலவற்றையும் கொன்றது.

## குப்பைமேட்டுக் காலம்

கொழுப்பைத் தேடும் மூக்குக்கு மனிதக் குப்பை ஒரு புதையல். யெல்லோஸ்டோனில் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் விடுதிக் குப்பையைக் கொட்டும் இடத்தில் பலகை இருக்கை போட்டு, மாலை வேளையில் கரடி பார்ப்பதை ஒரு காட்சியாகவே நடத்தினார்கள்.

1967 ஆகஸ்டில், மொன்டானாவின் கிளேசியர் தேசியப் பூங்காவில், ஒரே இரவில் இரண்டு வெவ்வேறு இடங்களில் இரண்டு இளம்பெண்களைக் கிரிஸ்லிகள் கொன்றன. இரண்டும் மனிதர் எறிந்த சாப்பாட்டுக்குப் பழகிய கரடிகள். அதன்பின் பூங்கா நிர்வாகங்கள் குப்பைமேடுகளை மூட முடிவெடுத்தன. 1961-இல் உலகில் முதன்முறையாகக் கிரிஸ்லிக்கு ரேடியோ கழுத்துப்பட்டை கட்டிய ஃபிராங்க், ஜான் கிரெய்க்ஹெட் சகோதரர்கள், 'மூடுங்கள், ஆனால் படிப்படியாக மூடுங்கள்' என்றார்கள். யெல்லோஸ்டோன் அதைக் கேட்கவில்லை. 1970, 71-இல் சட்டென்று மூடியது. பசித்த கரடிகள் கூடாரங்களுக்கும் ஊர்களுக்கும் வந்தன, கொல்லப்பட்டன. 1975-இல் யெல்லோஸ்டோன் வட்டாரத்தில் மிஞ்சியவை 136 என்று மதிப்பிட்டார்கள். மூடியது சரியான முடிவு, மூடிய விதம் தவறு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தாக்குதல் பற்றிய பயம் இயல்பானது. ஆனால் கிரிஸ்லி மனிதரைத் தேடிவந்து வேட்டையாடுவது மிக அரிது. பெரும்பாலானவை திடுக்கிட்டு நேரும் தாக்குதல்கள்: குட்டியோடு இருக்கும் தாயிடமோ, இரையைக் காத்துக் கிடக்கும் கரடியிடமோ தெரியாமல் நெருங்கிவிடுவது. 2007-இல் 399-ம் எல்க் உடலருகே வந்துவிட்ட ஒருவரைக் கடித்தது. இயல்பான தற்காப்பு என்று முடிவுசெய்து அதை விட்டுவிட்டார்கள். யெல்லோஸ்டோன் விதிப்படி கரடியிடமிருந்து குறைந்தது 91 மீட்டர் தள்ளி நிற்கவேண்டும். ஓடக் கூடாது, அது மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். கையில் இருக்கவேண்டியது மிளகாய்க் காரம் அடைத்த தெளிப்பான். அலாஸ்கா சம்பவங்களைத் தொகுத்த 2008-ஆம் ஆண்டு ஆய்வில், பழுப்புக் கரடியை அது 92 சதவீத முறை தடுத்திருக்கிறது. அதையும் மீறி, திடுக்கிட்ட கிரிஸ்லி மேலே பாய்ந்துவிட்டால் குப்புறப் படுத்து, பிடரியைக் கைகளால் மூடிக்கொண்டு அசையாமல் கிடப்பதுதான் வழி. கூடாரத்துக்குள் தேடிவந்த கரடி என்றால் மட்டும் திருப்பி அடிக்கவேண்டும்.

## பட்டியலுக்கு உள்ளே, வெளியே

அமெரிக்காவில் 1973-இல் வந்த அழியும் நிலை உயிரினங்கள் சட்டம் இரண்டு நிலைகளைச் சொல்கிறது: அழியும் தறுவாயில் உள்ளவை, அந்த நிலைக்கு வரக்கூடியவை. கிரிஸ்லி இரண்டாவது. அலாஸ்கா கணக்கில் வராது. அதைத் தவிர்த்த 48 மாநிலங்களுக்குத்தான் இந்தப் பாதுகாப்பு. ஒருகாலத்தில் அங்கே 50,000 கிரிஸ்லிகள்வரை இருந்தன. கலிஃபோர்னியாவின் கொடியில் இன்றும் கிரிஸ்லி நடக்கிறது. ஆனால் 1924-க்குப் பிறகு அந்த மாநிலத்தில் அதைக் கண்டவர் இல்லை.

பாதுகாப்பு ஏறி இறங்கிய வரிசை:

1. 1975: பட்டியலில் சேர்ப்பு.
2. 2007: யெல்லோஸ்டோன் வட்டாரக் கரடிகள் மீண்டுவிட்டன என்று நீக்கம்.
3. 2009: நீதிமன்றம் திரும்பச் சேர்த்தது. முக்கியக் காரணம், மேலே சொன்ன வைட்பார்க் பைன்.
4. 2017: மறுபடி நீக்கம். வயோமிங் வேட்டைக்கு ஏற்பாடு செய்தது.
5. 2018 செப்டம்பர்: வேட்டை தொடங்கும் தறுவாயில், குரோ பழங்குடியினரும் பிறரும் தொடுத்த வழக்கில் நீதிபதி டேனா கிறிஸ்டென்சன் அதைத் தடுத்து, பாதுகாப்பைத் திருப்பிக் கொடுத்தார். 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

(ஒரு வேடிக்கை: அந்த வேட்டை உரிமத்துக்கு நடந்த குலுக்கலில் பெயர் விழுந்தவர்களில் ஒருவர், 399-ஐப் படமெடுத்துப் புகழாக்கிய தாமஸ் மாங்கல்சன். அவர் எடுத்துப்போக நினைத்தது கேமராவை.)

ஒரு மரத்துக்காக நீதிமன்றம் கரடியை ஏன் திரும்பச் சேர்க்கவேண்டும்? வெளியிலிருந்து வந்த பூஞ்சை நோயும், குளிர்காலம் முன்போல் கடுமையாக இல்லாததால் பெருகிய பட்டை வண்டுகளும் வைட்பார்க் பைன் காடுகளை அழித்தன. 2022-இல் அந்த மரமே பாதுகாப்புப் பட்டியலில் ஏறியது. இன்னொரு உணவான கட்த்ரோட் டிரவுட் மீனும் குறைந்தது. 1994-இல் யெல்லோஸ்டோன் ஏரியில் கண்டுபிடிக்கப்பட்ட வெளியூர் மீன் இனம் அதைத் தின்றுவிட்டது. அந்தப் புதிய மீன் ஏரியின் ஆழத்திலேயே முட்டையிடுவதால் ஓடைக்கரைக் கரடிக்கு எட்டாது. 266 வகை தின்னத் தெரிந்த விலங்கு இதனால் பட்டினி கிடந்துவிடாது. அது வேறு உணவு தேடி இறங்கும். உச்சியிலே பைன் விதை தின்றுகொண்டிருந்த கரடி, வேட்டைக்காரர்கள் விட்டுச்சென்ற எல்க் குடலுக்கும் பண்ணைக் கன்றுக்கும் வரும். அங்கே துப்பாக்கி இருக்கிறது. உணவுக் குறைவு கிரிஸ்லியைக் கொல்வது பசியால் அல்ல, இடமாற்றத்தால்.

மாநிலங்களின் கோபத்திலும் நியாயம் உண்டு. இலக்காகச் சொன்ன எண்ணிக்கையை யெல்லோஸ்டோன் எப்போதோ தாண்டிவிட்டது. கன்றை இழக்கும் பண்ணைக்காரரிடம் போய்ப் பூங்காவின் மகிமையைப் பேசிப் பயனில்லை. மனுக்களை மறுத்த அதே 2025 ஜனவரியில் வனவிலங்குத் துறை வெளியிட்ட முன்மொழிவிலும், பாதுகாப்பை வைத்துக்கொண்டே, பண்ணைகளில் சிக்கல் தரும் கரடிகளைக் கையாள்வதில் கூடுதல் தளர்வு தரும் விதிகள் இருந்தன.

## தீவுகள்

2,000 என்ற எண் ஏன் போதவில்லை என்பதற்குக் கடைசிக் காரணம், அது ஒரே கூட்டம் அல்ல. பெரும்பாலானவை இரண்டு இடங்களில்: கனடா எல்லையை ஒட்டிய வடக்கு மொன்டானாவில் ஏறக்குறைய 1,000, யெல்லோஸ்டோன் வட்டாரத்தில் ஏறக்குறைய 1,000. வடக்குக் கூட்டத்துக்குக் கனடாவோடு தொடர்பு உண்டு. யெல்லோஸ்டோன் கூட்டம் பல தலைமுறையாகத் தனித்தீவு. வெளி ரத்தம் கலக்கவில்லை. இரண்டுக்கும் இடையில் இப்போது சில பத்துக் கிலோமீட்டர்தான். ஆனால் அதில் நெடுஞ்சாலைகளும் பண்ணைகளும் வீட்டுமனைகளும் இருக்கின்றன. இளம் ஆண் கரடிகள் தைரியமாகப் புறப்பட்டுப் பாதித் தூரம் வரும். பெண்கள் தாயின் எல்லையை விட்டு அதிகம் நகர்வதில்லை.

கனடாவின் பான்ஃப் பூங்காவில் நெடுஞ்சாலைக்கு மேலேயும் கீழேயும் 44 விலங்குப் பாதைகள் கட்டியிருக்கிறார்கள். எல்க் மான்கள் சீக்கிரமே பயன்படுத்தத் தொடங்கின. கிரிஸ்லிகள் நம்பி நடக்கச் சில வருடங்கள் ஆயின.

மொன்டானாவும் வயோமிங்கும் அவ்வளவு காத்திருக்கத் தயாராக இல்லை. யெல்லோஸ்டோன் கூட்டம் தனிமைப்பட்டிருக்கிறது என்ற வாதத்துக்குப் பதிலாக, 2024 கோடையில் வடக்கு மொன்டானாவில் இரண்டு இளம் கரடிகளை, ஒரு ஆண், ஒரு பெண், பிடித்து வண்டியில் ஏற்றி யெல்லோஸ்டோன் பக்கம் கொண்டுவந்து விட்டார்கள். அந்தப் பெண் கரடி அங்கே குட்டி போட வேண்டுமானால், முதலில் அறிமுகமில்லாத மலையில் அந்துப்பூச்சி எங்கே கிடைக்கும், அணில் எங்கே புதைத்திருக்கும் என்று அது கண்டுபிடிக்கவேண்டியிருந்தது.